நான்கெல்லை

அப்பா பத்திர எழுத்தர். கோவில்பட்டியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரைக்கு அடியில் மேசை போட்டு 31 வருஷம் உட்கார்ந்திருந்தார். கரிசல் புஞ்சை, தீப்பெட்டி ஆபீஸ் கட்டடம், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, மகளுக்கு எழுதி வைக்கிற செட்டில்மெண்டு என்று எல்லாம் அவர் கையெழுத்தில் போயிருக்கிறது. கம்ப்யூட்டர் டைப்பிங் வந்த பிறகும் முதல் வரைவைக் கையால் எழுதித்தான் கொடுப்பார். "கையால எழுதுனாத்தான் தப்பு எங்க இருக்குன்னு கைக்குத் தெரியும்" என்பார்.

2018 ஜூலையில் எனக்கு ஒரு ஒப்பந்தம் வந்தது. நடிகர்களை நிர்வகிக்கும் நிறுவனம் அது. தலைமை அலுவலகம் மும்பையில், கிளை நுங்கம்பாக்கத்தில். 23 பக்கம், முழுக்க ஆங்கிலம். அதற்கு முன் ஐந்து வருஷமாக நான் சென்னையில் மேடை நாடகம் நடித்துக்கொண்டிருந்தேன். சாலிகிராமத்தில் மூன்று பெண்கள் சேர்ந்து எடுத்த ஒரு அறை. குறும்படங்கள், இரண்டு விளம்பரங்கள், ஒரு படத்தில் நாயகியின் தோழிக்குத் தோழி. ஆடிஷன் வரிசைகளில் நின்று நின்று, என் பெயரையும் உயரத்தையும் சொல்லிவிட்டு இடப்பக்கம் வலப்பக்கம் திரும்பிக் காட்டுவது தூக்கத்திலும் வரும் பழக்கமாகியிருந்தது.

அப்படிப்பட்ட சமயத்தில் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் என் நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்து, "உங்களை நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்பது அவர் அதைச் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. அவர்கள் கையில் ஒரு வெப் சீரிஸ் இருந்தது, மூன்று எபிசோடுகளில் வரும் நல்ல பாத்திரம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் மறுவாரமே டைரக்டரைச் சந்திக்கலாம் என்றார்கள்.

"இது ஸ்டாண்டர்ட் கான்ட்ராக்ட்தான் மேடம். எல்லாரும் போடறதுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள சைன் பண்ணி ஸ்கேன் அனுப்பிடுங்க."

அன்றிரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார், அது குரலில் தெரிந்தது. ஆனால் அடுத்த வார்த்தை இதுதான்: "எனக்கு வாசிச்சுக் காட்டாம கையெழுத்துப் போட்டுராத தாயி."

"அப்பா, அது இங்கிலீஷ்ல இருக்கு."

"இருக்கட்டும். நீ சொல்லு, நான் எழுதுதேன்."

ஆடி பிறந்திருந்தது. ஆடியில் எங்கள் பக்கம் பத்திரம் பதிய யோசிப்பார்கள், ஆடிப்பெருக்கு அன்று மட்டும் விதிவிலக்கு. அப்பாவுக்கு அந்த மாதம் மேசையில் அவ்வளவாக வேலை இருக்காது. நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை திண்ணையில் உட்கார்ந்தோம். அப்பா தன் பழைய அட்டையில் லெட்ஜர் தாளைக் கிளிப் போட்டு வைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் ஒரு பத்தியை ஆங்கிலத்தில் மனசுக்குள் படித்துவிட்டு, புரிந்ததைத் தமிழில் சொல்ல வேண்டும். அவர் அதைப் பத்திர நடையில் எழுதுவார். சாலிகிராமத்தில் அந்த 23 பக்கத்தையும் இரண்டு தடவை படித்துத்தான் இருந்தேன். படித்ததாகத்தான் நினைத்திருந்தேன். தமிழில் சொல்ல ஆரம்பித்த முதல் நிமிஷத்திலேயே எனக்கு வாய் குழறியது.

"எழுதிக்கொடுப்பவர் யாரு, எழுதி வாங்குபவர் யாரு?"

"நான் கலைஞர்னு போட்டிருக்கு. அவங்க மேனேஜர்."

"அது பேரு. யாரு குடுக்கா, யாரு வாங்குதா?"

நான் யோசித்தேன். அவர்கள் எனக்கு வாய்ப்புத் தருகிறார்கள், நான் வாங்குகிறேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். அவர்கள் தருவதாகச் சொன்னது ஒரே இடத்தில்தான் இருந்தது: "நியாயமான முயற்சி எடுப்பார்கள்". மாதத்தில் எத்தனை ஆடிஷன், வருஷத்தில் எத்தனை வேலை, ஒன்றுமே வராவிட்டால் என்ன என்று ஒரு வரியும் கிடையாது. மீதிப் பக்கம் எல்லாம் நான் தருவது. அப்பா என் பெயருக்கு நேரே 'எழுதிக்கொடுப்பவர்' என்று எழுதினார்.

"சொத்து விவரம் சொல்லு."

விளக்கப் பகுதியைப் படித்துச் சொன்னேன். என் பெயர். என் முகம். என் குரல். என் கையெழுத்து. என் வாழ்க்கைக் குறிப்பு. சினிமா, டிவி, இணையம், மேடை, விளம்பரம், கடை திறப்பு விழா வரைக்கும் நான் செய்யும் வேலை எல்லாம். என் பெயரில் இருக்கும் சமூக வலைதளக் கணக்குகள். ஒவ்வொன்றாகச் சொல்ல அவர் ஒவ்வொன்றாக எழுதினார். நீல மை, சாய்வில்லாத நிமிர்ந்த எழுத்து. 'தபசில்' என்ற தலைப்புக்குக் கீழே, சர்வே நம்பரும் கிழமேல் அடியும் தென்வடல் அடியும் எழுதிப் பழகிய கை, 'மேற்படியாரின் முகம்' என்று எழுதியது. எழுதிவிட்டுப் பேனாவைத் தாளை விட்டு எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அந்த இடத்தில் மை ஊறி ஒரு மிளகளவு பரவிவிட்டது.

பிறகு கேட்டார்: "நான்கெல்லை?"

நிலத்தைப் பத்திரத்தில் எழுதும்போது நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று எழுதியாக வேண்டும். இன்னார் புஞ்சைக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, ஓடைக்கு வடக்கு, இன்னார் வேலிக்குக் கிழக்கு, இதற்குள் அடங்கியது என்று. எல்லை எழுதாத பத்திரத்தை அப்பா தொடமாட்டார். நான் தேடினேன். இடம் என்ற தலைப்பில் ஒரு சொல் இருந்தது. அதைத் தமிழில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

"பிரபஞ்சம் முழுவதும்னு போட்டிருக்குப்பா."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப இருக்கிற எல்லா ஊடகத்துலயும், இனிமே கண்டுபிடிக்கப் போறதுலயும்னு இருக்கு."

பேனாவுக்கு மூடி போட்டு அட்டை மேல் வைத்தார். அம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும் வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

இந்தச் சொற்கள் சினிமா ஒப்பந்தங்களில் சாதாரணமாக வருபவைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு படத்தைத் தயாரிப்பவருக்கு அந்தப் படத்தை உலகம் முழுவதும், வரப்போகும் தொழில்நுட்பத்திலும் வெளியிடும் உரிமை தேவைப்படும். அதில் நியாயம் இருக்கிறது. படம் என்பது முடிந்த ஒரு பொருள். ஆனால் என்னை நிர்வகிக்க வருகிறவருக்கு அதே அளவு எல்லை எதற்கு? தயாரிப்பு ஒப்பந்தத்தில் இருந்து எடுத்து இங்கே ஒட்டியிருந்தார்கள். ஒட்டியவர் யோசித்தாரோ இல்லையோ, கையெழுத்துப் போடுகிறவள் யோசித்தாக வேண்டும்.

மத்தியானம் பணம் பற்றிய பகுதிக்கு வந்தோம். கமிஷன் 20 சதவீதம். எனக்கு அது அதிகமாகப் படவில்லை. அப்பாவும் சதவீதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேறொன்று கேட்டார்.

"மொத்த மகசூல்ல வாரமா, விதை உரம் கழிச்சு வாரமா?"

வாரத்துக்கு நிலம் விடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி பாலபாடம். விளைந்ததில் பாதி என்று பேசிவிட்டு, விதைச்செலவு யார் தலையில் என்று பேசாமல் விட்டால் களத்துமேட்டில் சண்டை வரும். ஒப்பந்தத்தைப் பார்த்தேன். கமிஷன் மொத்தத் தொகையில். செலவு தனியாக என் பங்கில். போர்ட்ஃபோலியோ படப்பிடிப்பு, பயணம், அவர்கள் எனக்காகச் செய்யும் விளம்பரம் எல்லாவற்றையும் என் பணத்தில் பிடித்துக்கொள்ளலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை, உச்சவரம்பும் இல்லை.

தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். ஒரு வேலைக்கு 3 லட்சம் பேசினால், அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 194ஜெ பிரிவுப்படி தயாரிப்பாளர் 10 சதவீதம் பிடிப்பார், 30,000. அது வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது சேர்ந்துவிடும், ஆனால் அன்றைக்குக் கையில் இருக்காது. கமிஷன் 60,000. அந்தக் கமிஷனுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 10,800. போர்ட்ஃபோலியோ செலவு 45,000 என்று வாயால் சொல்லியிருந்தார்கள். கழித்தால் என் கைக்கு வருவது 1,54,200. மூன்று லட்சம் என்று போனில் கேட்டபோது நான் மனசுக்குள் வாடகை முன்பணம், தங்கச்சி காலேஜ் ஃபீஸ் என்று பிரித்து வைத்திருந்தேன். அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

"பணம் யார் வீட்டுக்கு முதல்ல போகுது?"

"அவங்க கணக்குக்கு. வந்து 45 நாளைக்குள்ள எனக்கு அனுப்புவாங்க."

"களத்துல வச்சு அளக்கணும் தாயி. வீட்டுக்குக் கொண்டு போயி அளந்தா, அளந்தவன் சொல்றதுதான் கணக்கு."

ஒப்பந்தத்தில் அவர்களுடைய கணக்குப் புத்தகத்தைப் பார்க்க எனக்கு உரிமை தரும் வரி ஒன்றுகூட இல்லை. தயாரிப்பாளருக்கும் அவர்களுக்கும் நடக்கும் பேச்சில் எனக்கு எவ்வளவு பேசினார்கள் என்பதே எனக்குத் தெரியாமல் போகலாம். இதற்கெல்லாம் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. நல்லவர்களுக்கும் கைமுடை வரும், அப்போது பக்கத்தில் இருக்கும் பணத்தைத்தான் முதலில் எடுப்பார்கள்.

சாயங்காலம் பதினேழாம் பக்கம். அதில் இருந்ததை நான் சொல்லி முடித்ததும் அப்பா எழுந்து வாசலில் போய் நின்றுவிட்டார்.

அது பவர். என் சார்பில் ஒப்பந்தங்களில் கையெழுத்திட, காசோலை வாங்க, என் பெயரையும் படத்தையும் பயன்படுத்த அனுமதி கொடுக்க அவர்களுக்கு நான் அதிகாரம் தருகிறேன். அது திரும்பப் பெற முடியாத அதிகாரம். சென்னையில் படித்தபோது இதை நான் வசதி என்று நினைத்தேன். ஷூட்டிங்கில் இருக்கும்போது அவர்களே கையெழுத்துப் போட்டுக்கொள்வார்கள், நல்லதுதானே என்று.

அப்பா தன் மேசைக்கு வந்த பவர் கதைகளைச் சொன்னார். ஊரில் உள்ள நிலத்துக்கு உறவுக்காரன் ஒருவனிடம் பவர் கொடுத்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள். திரும்பி வந்தால் நிலத்தில் வேறு யாரோ வேலி போட்டிருப்பார்கள். பத்திரம் சுத்தமாக இருக்கும். கையெழுத்து போட்டவனுக்கு அதிகாரம் இருந்தது, அவ்வளவுதான். "அழுதுக்கிட்டு என் மேசைக்கு வருவாங்க. அவங்களுக்குப் பவரை எழுதிக் குடுத்ததும் நான்தான்" என்றார். அந்த வாக்கியத்தை அவர் அதற்கு முன் வீட்டில் சொல்லி நான் கேட்டதில்லை.

இரவு படுக்கப் போகும்போது லெட்ஜர் தாள் ஒன்பது பக்கம் வந்திருந்தது. கடைசியில் தன் வழக்கமான சொற்களைப் போட்டு முடித்திருந்தார். சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று. அதைப் படித்தபோதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. கிரயப் பத்திரத்தில் நிலத்தைப் பற்றி எழுதும் சொற்கள் ஒன்றும் இடறாமல் அதில் பொருந்தி நின்றன. அந்தப் பத்திரத்தில் நிலம் நான்.

நாடகக் குழுவில் எங்களுக்கு மூத்த ஒரு அக்கா வக்கீலாக இருக்கிறார், தம்பு செட்டித் தெருவில் ஆபீஸ். ஊரிலிருந்து திரும்பியதும் ஒன்பது பக்கத்தையும் இருபத்து மூன்று பக்கத்தையும் அவரிடம் கொண்டு போனேன். அப்பாவின் எழுத்தைத்தான் முதலில் படித்தார். "உங்கப்பா என் வேலையில பாதிய முடிச்சிட்டார்" என்றார்.

மீதிப் பாதியை அவர் சொன்னார். ஒப்பந்தக் காலம் மூன்று வருஷம், முடிவதற்கு 90 நாளுக்கு முன் எழுத்து மூலம் சொல்லாவிட்டால் தானாகவே இன்னும் மூன்று வருஷம். முடிந்த பிறகும் இரண்டு வருஷத்துக்கு, வேறு எந்த நிறுவனம் என்னைக் கேட்டாலும் முதலில் இவர்களிடம் காட்ட வேண்டும், இவர்கள் அதே தொகைக்குச் சம்மதித்தால் இவர்களோடுதான் போக வேண்டும்.

"ஜாகிர் கான் கேஸ் தெரியுமா?" என்று கேட்டார். கிரிக்கெட் வீரர் ஜாகிர் கான் 2000-இல் ஒரு நிர்வாக நிறுவனத்தோடு மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டார். அதிலும் இதே மாதிரி ஒரு ஷரத்து இருந்தது. காலம் முடிந்து அவர் வேறு நிறுவனத்துக்குப் போனபோது வழக்கு வந்தது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஒருவரின் தொழிலைக் கட்டிப்போடும் ஷரத்து செல்லாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எனக்கு உடனே நிம்மதி வந்தது. "அப்ப இது செல்லாதுல்ல அக்கா, போட்டா என்ன?"

"செல்லாதுங்கறது வேற. செல்லாதுன்னு நிரூபிக்கிற வரைக்கும் நீ வேலையில்லாம இருக்கறது வேற. தயாரிப்பாளருக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் போச்சுன்னா, உன்னை விட்டுட்டு அடுத்த பொண்ணைக் கூப்பிடுவாங்க. அவங்க தப்பும் இல்ல அது. ஜாகிர் கானுக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக முடிஞ்சுது. உனக்கு? அதுவும் இதுல மத்தியஸ்தம் மும்பையிலன்னு போட்டிருக்கு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீ அங்க போகணும்."

பவர் விஷயத்தில் அதே சட்டத்தின் 202-ஆம் பிரிவைக் காட்டினார். சாதாரணமாக ஒருவருக்குக் கொடுத்த அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த விஷயத்தில் அவருக்கே ஒரு பங்கு இருந்தால், அந்தப் பங்கு பாதிக்கும்படி ரத்து செய்ய முடியாது. கமிஷனைக் காட்டி இவர்கள் அப்படி வாதாடலாம், ஜெயிப்பார்களா தோற்பார்களா என்பது பிறகு. வாதாட இடம் கொடுக்காமல் இருப்பதுதான் நல்லது என்றார்.

இன்னொரு இடத்தை நானும் அப்பாவும் தாண்டிப் போயிருந்தோம். உடல்நலக் குறைவாலோ மகப்பேற்றாலோ நான் வேலை செய்யாத நாட்கள் ஒப்பந்தக் காலத்தின் கடைசியில் சேர்ந்துகொள்ளும் என்று பத்தொன்பதாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அக்கா இதற்கும் ஒரு வழக்குச் சொன்னார், ஹாலிவுட் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்டுடையது. வார்னர் பிரதர்ஸோடு அவர் போட்ட ஏழு வருஷ ஒப்பந்தத்தில், பிடிக்காத பாத்திரங்களை மறுத்ததற்காக நிறுத்தி வைத்த நாட்களைக் கடைசியில் கூட்டிக்கொண்டே போனார்கள். அவர் நீதிமன்றம் போனார். ஏழு வருஷம் என்றால் காலண்டரில் ஏழு வருஷம்தான் என்று 1944-இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கலிஃபோர்னியாவில் நடிகர்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி நடத்த உரிமம் வாங்க வேண்டும் என்பதையும் அன்றுதான் கேட்டேன். நம் ஊரில் ஒரு சென்ட் நிலத்துக்குப் பத்திரம் எழுத என் அப்பா உரிமம் வாங்க வேண்டியிருந்தது. ஒரு பெண்ணின் முகத்தையும் குரலையும் எழுதி வாங்க யாரும் எந்த உரிமமும் வாங்க வேண்டாம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

பதினோரு திருத்தங்கள் எழுதி அனுப்பினோம். இரண்டு நாள் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை கடந்து போனது. பிறகு ஒரு வீடியோ அழைப்பு. நான் பயந்த அளவுக்கு அவர்கள் கோபப்படவில்லை. காலத்தை இரண்டு வருஷமாக்கச் சம்மதித்தார்கள். தானாக நீளும் ஷரத்தை எடுத்தார்கள். செலவுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். மேடை நாடகத்தை ஒப்பந்தத்தில் சேர்க்காமல் விடவும் ஒப்புக்கொண்டார்கள். கேட்டால் கொடுப்பார்கள் என்பதை அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஸ்டாண்டர்ட் என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தனை பேர் கேட்காமலேயே கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

கமிஷன் விஷயத்தில் ஒரு இடத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அவர்கள் பிடித்துக் கொடுத்த வேலைக்கான பணம் ஒப்பந்தம் முடிந்த பிறகு வந்தால், அதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. விதைத்தவன் அறுப்பதற்குள் குத்தகை முடிந்துவிட்டது என்று அவனை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. அதை ஒத்துக்கொண்டேன். ஆனால் பவரை மட்டும் அவர்கள் விடவில்லை. ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் எனக்குக் காட்டி என் கையெழுத்து வாங்குவது அவர்கள் நடைமுறையில் சாத்தியமில்லை என்றார்கள். குறைந்தபட்சம் திரும்பப் பெறக்கூடியதாகவாவது மாற்றுங்கள் என்றோம். மும்பையில் சட்டப்பிரிவு ஒத்துக்கொள்ளாது என்றார்கள்.

அந்த இரவு நான் தூங்கவில்லை. அறையில் மற்ற இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். போட்டுவிடலாம் என்று பத்துத் தடவை தோன்றியது. எல்லாம் கொடுத்துவிட்டார்கள், ஒன்றுதானே பாக்கி. அப்பாவுக்குப் போன் செய்தால் போடாதே என்பார், அதனால் செய்யவில்லை. காலையில் அவரே கூப்பிட்டார். போடு என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. "ராத்திரி சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொல்லி, வைத்துவிட்டு, நிறுவனத்துக்கு மறுத்து எழுதினேன்.

அந்த சீரிஸ் மறுவருஷம் வந்தது. எனக்குச் சொன்ன பாத்திரத்தில் வேறொரு பெண் நடித்திருந்தாள். ஒரு ராத்திரி மூன்று எபிசோடையும் போனில் பார்த்தேன். நன்றாகவே நடித்திருந்தாள். மூன்றாவது எபிசோடில் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் அழுகையை அடக்குகிற ஒரு காட்சி உண்டு. ஸ்கிரிப்டில் அந்தப் பக்கத்தை நான் படித்திருந்தேன், எப்படிச் செய்வேன் என்று யோசித்தும் வைத்திருந்தேன். அவள் செய்தது வேறு மாதிரி. அதுவும் சரியாகத்தான் இருந்தது. அந்த வலி போக நாளானது. வேறு வாய்ப்பும் சீக்கிரத்தில் வரவில்லை. பிறகு ஊரடங்கு வந்து எல்லாம் நின்றது.

2021 கடைசியில் இன்னொரு ஒப்பந்தம். இந்தத் தடவை பெரிய நிறுவனம் இல்லை. இரண்டு நடிகர்களை மட்டும் பார்த்துக்கொள்ளும் ஒருவர், முன்பு உதவி இயக்குநராக இருந்தவர். நாலே பக்கம். 15 சதவீதம், ஒரு வருஷம். பணம் தயாரிப்பாளரிடமிருந்து நேராக என் கணக்குக்கு வரும், நான் அவருக்கு ஏழு நாளில் அனுப்ப வேண்டும். எந்தக் கையெழுத்தும் நானே போடுவேன். வக்கீல் அக்கா படித்துவிட்டு இரண்டு இடத்தில் மட்டும் பேனா வைத்தார்.

அதற்குள் அப்பாவுக்குக் கண் அறுவைசிகிச்சை ஆகியிருந்தது. மேசையையும் விட்டுவிட்டார். போனில் படித்துக் காட்டினேன், இந்தத் தடவை திணறாமல், நேராகத் தமிழில். அவரால் எழுத முடியாது என்பதால் கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும், நான் எதிர்பார்த்ததைத்தான் கேட்டார்.

"நான்கெல்லை சொல்லு."

சொன்னேன். வடக்கே தமிழ், மலையாளம், தெலுங்கு, அந்த மூன்று மொழிப் படங்கள். கிழக்கே இந்த வருஷம் டிசம்பரில் இருந்து அடுத்த டிசம்பர் வரை. மேற்கே நடிப்பு மட்டும், என் பெயரும் படமும் வேறெதற்கும் இல்லை.

"தெற்கே?"

"தெற்கே நாடகம்ப்பா. அது இதுல சேரல. அது நம்மளுது."

மறுமுனையில் அம்மாவிடம் அவர் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. பேனாவைத் தேடுகிறார்.